சிப்பி எழுதிய கடல் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் மனிதன் விட்டுச் சென்ற சான்றுகள். இவற்றைக் கொண்டு மன்னர்தம் மரபை அறியலாம். வணிகர் சென்ற வழியை அறியலாம். ஆனால் கடல் நீர் எந்த நூற்றாண்டில் குளிர்ந்திருந்தது, எப்பொழுது வெப்பமுற்றது என்பதை அறிய இவை போதா. பாரன்ஹீட் பாதரச வெப்பமானியை அமைத்ததே 1714ஆம் ஆண்டில்தான். அதற்கு முற்பட்ட கடலின் கணக்கை எழுதி வைத்தவர் யார்? கடலடி மணலில் புதைந்து வாழும் சிப்பியே என்பது அறிஞர் கண்ட விடை.

வட அட்லாண்டிக் கடலில் 'ஆர்க்டிகா ஐலாண்டிகா' எனும் இருமடல் சிப்பி வாழ்கிறது. ஆண்டுதோறும் அதன் வளர்ச்சி சிலகாலம் நின்று மீண்டும் தொடங்கும். அவ்வாறு நிற்கும் இடத்தில் ஒரு கோடு விழும். மரத்தின் வளையம் போன்றே இதுவும் ஆண்டுக்கு ஒன்று. 2006ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துக்கு வடக்கே, கிரிம்சே தீவுக்கருகில் இத்தகைய சிப்பியொன்று எடுக்கப்பட்டது. இரு மடல்களும் கூடும் மூட்டிலுள்ள கோடுகளை எண்ணி, அதன் வயது 405 என முதலில் கணித்தனர். அவ்விடத்தில் கோடுகள் மிக நெருங்கிக் கிடந்தன. ஆகவே வேல்ஸ் நாட்டுப் பேங்கர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், கோடுகள் தெளிவாக விலகி நிற்கும் ஓட்டின் புறப்பகுதியில் மறுபடி எண்ணினர். 2013இல் வயது 507 எனத் திருத்தினர். தம் கணக்கைத் தாமே ஐயுற்றுத் திருத்துதல் ஆராய்ச்சிக்கு இழுக்கன்று. அதுவே அதன் அறம்.

அச்சிப்பி தோன்றியது 1499ஆம் ஆண்டு. சீனத்தில் மிங் மரபினர் ஆண்ட காலமாதலின் அதற்கு 'மிங்' என்று பெயரிட்டனர். போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது அதற்கு வயது பன்னிரண்டு!

ஒரு சிப்பியோடு இக்கணக்கு முடிவதில்லை. அகலமும் குறுகலுமாய் அமைந்த கோடுகளின் வரிசை, ஒரே கடற்பகுதியில் ஒரே காலத்தில் வாழ்ந்த சிப்பிகளில் ஒத்திருக்கும். உயிரோடு எடுத்த சிப்பியின் இளமைக் காலக் கோடுகளை, முன்னே இறந்து கிடந்த சிப்பியின் முதுமைக் காலக் கோடுகளோடு பொருத்திப் பின்னோக்கிச் செல்வர். இவ்வாறு கி.பி. 649 முதல் 2005 வரை 1,357 ஆண்டுகளுக்கு இடையறாத வரிசை கிடைத்தது. ஐஸ்லாந்தில் நார்ஸ் மக்கள் குடியேறத் தொடங்கியதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே அது தொடங்கிவிடுகிறது.

கோட்டின் அகலம் மட்டும் வெப்பத்தைக் காட்டிவிடாது. கிடைத்த உணவைப் பொறுத்தும் அது மாறும். ஆகவே ஓட்டின் சுண்ணாம்பில் உள்ள பிராணவாயுவை ஆராய்வர். அதில் 16 எடையுள்ள அணுக்களே மிகுதி. 18 எடையுள்ளவை ஆயிரத்துக்கு இரண்டளவே. நீர் குளிர்ந்தால் ஓட்டில் கன அணுவின் பங்கு கூடும். இதைக் கொண்டு பழைய வெப்பநிலையை அளக்கலாம் என்று ஹாரல்டு யூரி 1947இல் எடுத்துரைத்தார். சாமுவேல் எப்ஸ்டீனும் துணைவரும் அதற்கான அளவுகோலை வகுத்தனர். அவ்விகிதம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறின், வெப்பம் ஏறத்தாழ நான்கு செல்சியஸ் பாகை மாறியதாகக் கொள்வர். ஆயினும் பனி உருகிய நீரும் ஆற்று நீரும் கலந்தால் கடல்நீரின் விகிதமே மாறும். அதனையும் கணக்கிற் கொள்ளாதார் பிழைபடுவர்.

இம்முறையில் ஆயிரம் ஆண்டுச் சிப்பிகளை ஆராய்ந்தோர் 2016இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. கி.பி. 1000 முதல் 1800 வரை அக்கடலில் மாற்றம் முந்தி நிகழ்ந்தது. வட கோளத்துக் காற்றின் வெப்பம் அதனைப் பின்தொடர்ந்தது. 1800க்குப் பின்னரோ கடல் காற்றோடு ஒருங்கே மாறியது, அல்லது பின்தங்கியது. ஆலைகள் பெருகிய காலத்தில் இப்பழைய ஒழுங்கு தலைகீழாயிற்று.

இன்றைய வெப்பம் முன்னும் கண்ட ஏற்றத்தாழ்வா, புதியதொன்றா என்று வழக்காடுவோர்க்கு, வெப்பமானிக்கு முற்பட்ட சாட்சி வேண்டும். மனிதர் சார்பு பேசலாம். மண்ணுள் கிடந்த சிப்பிக்கு எந்தச் சார்பும் இல்லை. அதன் எழுத்தைப் பிழையின்றிப் படிப்பதே நம் கடமை.