கிளென் கேம்பலின் ஹிட் தொகுப்புகள்: குரலுக்குப் பின்னால் இருந்த விரல்கள்

கிளென் டிராவிஸ் கேம்பல் (1936–2017) அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர், கிட்டார் கலைஞர், தொலைக்காட்சித் தொகுப்பாளர், சில படங்களில் நடிகர். அவருடைய வெற்றிப் பாடல்களைத் திரட்டிய தொகுப்புகள் அரை நூற்றாண்டாக விற்பனையில் இருக்கின்றன. கேபிட்டல் நிறுவனம் 1971இல் வெளியிட்ட 'கிளென் கேம்பல்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்', 1976இல் பிரிட்டனில் வந்த '20 கோல்டன் கிரேட்ஸ்', நான்கு குறுந்தகடுகளாக 2003இல் வந்த 'தி லெகசி' ஆகியவை இவற்றில் குறிப்பிடத்தக்கவை. இவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த உயர்ந்த, தெளிந்த குரலுக்காகவே வாங்கினார்கள். அதே தட்டுகளில் அமெரிக்காவின் தலைசிறந்த ஸ்டுடியோ கிட்டார் கலைஞர்களில் ஒருவரும் ஒளிந்திருக்கிறார் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

ஆர்கன்சா மாநிலத்தில் டிலைட் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள பில்ஸ்டவுனில், 1936 ஏப்ரல் 22 அன்று, வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பத்தில் கேம்பல் பிறந்தார். அவரையும் சேர்த்து வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். நான்கு வயதில் அப்பா அவருக்கு சியர்ஸ் நிறுவனத்தின் தபால் விற்பனையில் ஒரு கிட்டார் வரவழைத்துக் கொடுத்தார். விலை சுமார் 5 டாலர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டதை அப்படியே விரலுக்குக் கொண்டுவந்தார். கன்ட்ரி சூழலில் வளர்ந்த பையனுக்கு ஆதர்சமாக அமைந்தவர் ஐரோப்பிய ஜாஸ் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட். பின்னாளில் அவர் எந்த வகைப் பாட்டுக்கும் கூச்சமின்றி வாசித்ததற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

1954இல் நியூ மெக்சிகோவின் ஆல்பகர்க்கி நகருக்குப் போய், உறவினர் டிக் பில்ஸ் நடத்திய 'சாண்டியா மவுண்டன் பாய்ஸ்' குழுவில் சேர்ந்தார். 1960இல் லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே 'டக்கீலா' பாட்டால் புகழ்பெற்றிருந்த 'தி சாம்ப்ஸ்' குழுவில் சில காலம் வாசித்தார். ஒரு பதிப்பக நிறுவனத்துக்காக மாதிரிப் பதிவுகள் செய்து கொடுத்தார். அந்த மாதிரிப் பதிவுகளைக் கேட்டவர்கள் வழியாகத்தான் ஸ்டுடியோ அழைப்புகள் வரத் தொடங்கின.

அந்த ஸ்டுடியோ உலகம் வேறு மாதிரியானது. டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸ் கிட்டாரில் கேரல் கே, கிட்டாரில் டாமி டெடெஸ்கோ, பியானோவில் லியன் ரசல் என்று ஒரு கூட்டம். பின்னர் 'ரெக்கிங் க்ரூ' என்ற பெயர் பெற்ற இந்தக் கலைஞர்கள் காலையில் ஒரு பாடகருக்கும் மாலையில் இன்னொரு குழுவுக்கும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இசைத்தட்டு உறையில் பெரும்பாலும் அவர்களின் பெயர் இருக்காது. கேம்பலுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. கோர்டுகளின் பெயர் எழுதிய ஒரு தாளும் ஒரு முறை கேட்கும் வாய்ப்பும் அவருக்குப் போதும். கிட்டார்க் கழுத்தில் மாட்டும் கேபோ என்ற பிடிப்பானைத் தாராளமாகப் பயன்படுத்தி, திறந்த கம்பிகளின் மணியோசையை எந்தச் சுருதிக்கும் கொண்டுபோவது அவர் வழக்கம். எல்விஸ் பிரெஸ்லியின் 'விவா லாஸ் வேகஸ்', ரைச்சஸ் பிரதர்ஸின் 'யூவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலிங்', பிராங்க் சினாட்ராவின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி நைட்' ஆகியவற்றில் எல்லாம் அவருடைய கிட்டார் உண்டு. பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் 'ஐ நோ தேர்ஸ் ஆன் ஆன்சர்' பாட்டின் நடுவே வரும் பாஞ்சோவும் அவருடையதே. 1964 டிசம்பரில் குழுவின் தலைவர் பிரையன் வில்சன் மேடைக் கச்சேரிகளிலிருந்து விலகியபோது, அவருக்குப் பதிலாகச் சில மாதங்கள் அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவரும் கேம்பல்தான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. 1976இல் பிரிட்டனில் இஎம்ஐ நிறுவனம் பீச் பாய்ஸின் '20 கோல்டன் கிரேட்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. கோடைகாலம் முழுக்க அது விற்பனைப் பட்டியலின் உச்சியில் நின்றது. அதே ஆண்டின் இறுதியில் கேம்பலின் '20 கோல்டன் கிரேட்ஸ்' முதலிடத்துக்கு வந்தது. முந்தையதில் உள்ள 'ஹெல்ப் மீ, ரோண்டா' போன்ற பாடல்களில் கிட்டார் வாசித்ததும் இவர்தான். ஆக, ஒரே ஆண்டில் ஒரே வரிசையில் முதலிடம் பிடித்த இரண்டு தொகுப்புகளிலும் அவர் இருந்தார். ஒன்றில் பெயரோடு, ஒன்றில் பெயரில்லாமல்.

கேபிட்டல் நிறுவனத்தில் அவர் 1962லேயே சேர்ந்துவிட்டார். ஆனால் ஐந்து ஆண்டுகள் நிறுவனத்துக்கு அவரை என்ன செய்வதென்று புரியவில்லை. ப்ளூகிராஸ் ஆல்பம் போட்டுப் பார்த்தார்கள். 1964இல் 'தி அஸ்டவுண்டிங் 12-ஸ்ட்ரிங் கிட்டார் ஆஃப் கிளென் கேம்பல்' என்ற வாத்திய ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டு ராக் கிட்டார் ஆல்பம் ஒன்று. எதுவும் பெரிதாக ஓடவில்லை. ஹிட் தொகுப்புகளில் இந்தக் காலத்துக்கு இடம் கிடைப்பது அரிது. ஓடாத பாட்டை ஹிட் தொகுப்பில் சேர்க்க முடியாது என்பது நியாயமே. அதனாலேயே கேட்பவருக்கு கேம்பல் 1967இல் திடீரென்று முளைத்தவர் போலத் தோன்றுகிறார்.

முளைத்த பாட்டு 'ஜென்டில் ஆன் மை மைண்ட்'. எழுதியவர் ஜான் ஹார்ட்ஃபர்ட். சக கலைஞர்களுக்கு இடையிடையே குறிப்புகள் சொல்லிக்கொண்டே கேம்பல் ஒரு முன்னோட்டப் பதிவு செய்து வைத்திருந்தார். தயாரிப்பாளர் அல் டி லோரி அந்தப் பேச்சுகளை மட்டும் நீக்கிவிட்டு, பதிவை அப்படியே வெளியிட்டார். பாட்டின் ஓட்டத்தில் இன்றும் ஒரு ஒத்திகையின் இளக்கம் தெரிவது அதனால்தான். பல்லவி என்று எதுவும் கிடையாது. சொற்கள் மூச்சு விடாமல் உருண்டு வருகின்றன. அவசரம் தெரியாமல் அவற்றை உச்சரிக்க அசாத்தியப் பயிற்சி வேண்டும்.

அதே ஆண்டு 'பை தி டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்'. இளம் பாடலாசிரியர் ஜிம்மி வெப் எழுதியது. ஜானி ரிவர்ஸ் முன்பே பாடியது. காதலியை விட்டுவிட்டு காரில் கிழக்கே போகும் ஒருவன், அந்தந்த ஊரைத் தாண்டும் நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறான். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பாட்டை, ஐசக் ஹேய்ஸ் 1969இல் 18 நிமிடங்களுக்கு மேல் நீட்டிப் பாடினார். இரண்டுமே நிற்கின்றன என்றால் பாட்டின் அஸ்திவாரம் எவ்வளவு உறுதியானது என்று ஊகிக்கலாம். 1968 கிராமி விருதுகளில் கேம்பலுக்கு நான்கு கிடைத்தன: இரண்டு கன்ட்ரி பிரிவில் முதல் பாட்டுக்கு, இரண்டு பாப் பிரிவில் இரண்டாவது பாட்டுக்கு. மறு ஆண்டு அந்த இரண்டாவது பாட்டின் பெயர் கொண்ட ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. ஒரு கன்ட்ரி ஆல்பத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் நடுநாயகமாக இருப்பது 'விச்சிட்டா லைன்மேன்' (1968). ஃபீனிக்ஸ் பாட்டு ஓடியதும், ஊர்ப் பெயர் வைத்து இன்னொன்று கொடு என்று கேம்பல் தொலைபேசியில் வெப்பிடம் கேட்டார். ஓக்லஹோமாவின் சமவெளியில் கார் ஓட்டிப் போகும்போது, தொலைபேசிக் கம்பத்தின் உச்சியில் தன்னந்தனியாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்தது வெப்புக்கு நினைவிலிருந்தது. எழுதத் தொடங்கினார், கடைசிச் சரணம் வரவில்லை. முடியவில்லை என்று சொல்லியே அனுப்பிவைத்தார். சில வாரம் கழித்து விசாரித்தால், பதிவே முடிந்துவிட்டது என்றார்கள்.

இல்லாத சரணத்தின் இடத்தில் கேம்பல் என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேரல் கேயிடமிருந்த டேனெலெக்ட்ரோ ஆறு கம்பி பேஸ் கிட்டாரை இரவல் வாங்கினார். சாதாரண கிட்டாருக்கும் பேஸுக்கும் இடைப்பட்ட, சற்றுக் கரகரத்த, ஆழமான நாதம் அதற்கு உண்டு. அதில் வேகமாக ஓடிக் காட்டியிருக்கலாம். அந்த ஆற்றல் அவருக்கு நிரம்ப இருந்தது. அவரோ பாட்டின் மெட்டையே எடுத்து, சொல்லில்லாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பாடியவன் பேச்சை நிறுத்திவிட்டு முனகுவது போல அது கேட்கிறது. தொடக்கத்தில் கீழிறங்கி வரும் பேஸ் வாசிப்பு கேரல் கேயுடையது. டி லோரி அமைத்த வயலின்கள் மேல் ஸ்தாயியில் தந்தி அதிர்வது போல் ஒலிக்கின்றன. முடிவில் துடிக்கும் அந்த விண்வெளிச் சத்தம் வெப்பின் வீட்டு ஆர்கன். அதை ஸ்டுடியோவுக்கே தூக்கி வந்து வாசித்தார்கள். இவ்வளவும் சேர்ந்து மூன்று நிமிடம்தான். பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடமும் பாப் பட்டியலில் மூன்றாம் இடமும் பிடித்தது. பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் சேர்ந்தது.

'கால்வெஸ்டன்' (1969) வெப்பின் மூன்றாவது ஊர்ப் பாட்டு. ஹவாய்ப் பாடகர் டான் ஹோ முதலில் மெதுவாகப் பாடியதை கேம்பல் வேகமாக்கினார். போர்முனையில் துப்பாக்கியைத் துடைத்தபடி டெக்சஸ் கடற்கரை ஊரையும் அங்குள்ள பெண்ணையும் நினைக்கும் சிப்பாயின் பாட்டு அது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், துள்ளலான தாளத்தில் அதைக் கேட்டவர்கள் சிலருக்கு வீரப் பாட்டாகவும் சிலருக்கு அச்சத்தின் பாட்டாகவும் பட்டது. கேம்பலின் பதிவு இரண்டுக்கும் இடம் வைக்கிறது. இதை அவருடைய குறையாகச் சொன்னவர்கள் உண்டு. உண்மையில் பாட்டை இத்தனை ஆண்டுகள் வாழவைத்தது அதுதான்.

1969 ஜனவரி முதல் 1972 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி கிளென் கேம்பல் குட்டைம் ஹவர்' ஓடியது. ஜான் வேயினுடன் 'ட்ரூ கிரிட்' (1969) படத்தில் நடித்தார். நடிப்பைப் பற்றிச் சுருக்கமாகக் கடந்து போவதே அவருக்குச் செய்யும் மரியாதை. 1971 தொகுப்பு இந்தப் புகழின் உச்சியில் வந்தது.

புகழ் சற்றே தளர்ந்த நேரத்தில் வந்தது 'ரைன்ஸ்டோன் கௌபாய்' (1975). லேரி வைஸ் எழுதி, தானே பாடி வெளியிட்டு, கவனிக்கப்படாமல் போன பாட்டு. ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் அதன் கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு கேம்பல் மனப்பாடம் செய்தார். வாய்ப்புக்காக வீதியில் அலைந்த பாடகனின் கதை தன் கதை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கன்ட்ரி, பாப் இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் பெற்றது. இந்தப் பாட்டில் கிட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதற்காகவே கட்டப்பட்டது. அவருடைய பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவதும் இதுவே என்பது கிட்டார் ரசிகர்களுக்கு ஒரு சிறு மனத்தாங்கல்.

அதற்கு மருந்து போல 1977இல் 'சதர்ன் நைட்ஸ்'. நியூ ஆர்லியன்ஸ் இசைக்கலைஞர் ஆலன் டூசான் தன் பிள்ளைப் பருவத்து இரவுகளை நினைத்து மிதமான மயக்கத்தில் எழுதிய பாட்டு. கேம்பல் அதைத் துள்ளவிட்டார். எடுத்த எடுப்பில் வரும் அந்தச் சின்ன கிட்டார்த் துணுக்கைத் தன் நண்பரும் இன்னொரு அபாரக் கிட்டார்க் கலைஞருமான ஜெர்ரி ரீடிடமிருந்து கற்றதாக அவர் சொல்லியிருக்கிறார். இதுவும் இரு பட்டியல்களிலும் முதலிடம். 2017இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்சி' இரண்டாம் பாகத்தில் ஒலித்தபோது, புதிய தலைமுறை ஒன்று பாடியவர் யார் என்று தேடியது. 1976 பிரிட்டன் தொகுப்பில் இந்தப் பாட்டு இல்லாதது காலத்தின் கணக்கு; ஓராண்டு முந்திவிட்டார்கள். அதில் உள்ள வேறொன்று ஈடு செய்கிறது: பாடகி பாபி ஜென்ட்ரியுடன் சேர்ந்து பாடிய 'ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் ட்ரீம்'. எவர்லி பிரதர்ஸின் 1958 பாட்டை இவர்கள் இன்னும் சோம்பலாகப் பாடியிருக்கிறார்கள். அந்தச் சோம்பலே சுகம்.

தொகுப்புகள் தராத ஒன்று மேடைக் கேம்பல். ரோசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையைக் கிட்டாரில் பாய்ச்சலாக வாசிப்பார். சில நேரம் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. 'அமேசிங் கிரேஸ்' பாட்டுக்கு ஸ்காட்லாந்துப் பைக்குழலை எடுத்து ஊதுவார். உருண்ட முதுகுள்ள ஓவேஷன் கிட்டாரை மக்கள் மத்தியில் பிரபலமாக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

2005இல் கன்ட்ரி இசையின் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2011இல் அல்சைமர் நோய் இருப்பதாக அறிவித்துவிட்டு, விடைபெறும் சுற்றுப்பயணம் புறப்பட்டார். பிள்ளைகள் மூவர் வாத்தியக் குழுவில் இருந்தார்கள். திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துத்தான் பாட வேண்டியிருந்தது. கிட்டார்த் தனி வாசிப்புகளுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. 2014இல் வந்த 'ஐல் பி மீ' ஆவணப்படத்தில் இதை நேராகப் பார்க்கலாம். 2013 ஜனவரியில், பழைய ரெக்கிங் க்ரூ தோழர்கள் சிலருடன் அவர் பதிவு செய்த 'ஐம் நாட் கானா மிஸ் யூ' ஆஸ்கர் பரிந்துரையும் கிராமி விருதும் பெற்றது. 2017 ஆகஸ்ட் 8 அன்று நாஷ்வில்லில் காலமானார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பின்னாளில் அவர் மீண்டும் பாடிக் கொடுத்த பதிவுகளை வைத்தும் மலிவு விலைத் தொகுப்புகள் பல புழங்குகின்றன. குரல் அவருடையதுதான், டி லோரியின் வயலின்களும் டேனெலெக்ட்ரோவின் கரகரப்பும் அவற்றில் இருக்காது. உறையில் கேபிட்டல் முத்திரையும் 1967 முதல் 1977 வரையிலான பதிவு ஆண்டுகளும் இருக்கின்றனவா என்று பார்த்து எடுப்பது நல்லது. இரண்டு மூன்று பாட்டோடு நிற்காதவர்களுக்கு 'தி லெகசி' பொருத்தம். 1961இல் கிரெஸ்ட் நிறுவனத்துக்கு அவர் பாடிய 'டர்ன் அரவுண்ட், லுக் அட் மீ' தொடங்கி, ஹிட் தொகுப்புகள் ஒதுக்கிய ஆண்டுகளையும் சேர்த்து, நாற்பதாண்டுப் பயணத்தை அந்தப் பெட்டி வரிசையாகத் தருகிறது.