இலங்கை இந்தியன் காங்கிரசில் மிதவாதிகளின் செல்வாக்குச் சரிவு: பூண்டுலோயாவிலிருந்து ஒரு நோக்கு

இந்திய தேசிய காங்கிரசில் மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் இடையே மூண்ட பிணக்கு 1907ஆம் ஆண்டு சூரத் மாநாட்டில் வெளிப்படையாக வெடித்தது. கோகலே ஒருபுறமும் திலகர் மறுபுறமுமாக நின்ற அப்பிளவுக்கு இடமும் காலமும் உண்டு. இலங்கை இந்தியன் காங்கிரசின் வரலாற்றில் அத்தகையதொரு நாளை நாம் சுட்டிக்காட்ட இயலாது. 1939இல் அதன் முன்னணியில் நின்ற வர்த்தகரும் கற்றோரும் பத்தாண்டுகளுக்குள் அதன் மையத்திலிருந்து ஒதுங்கினர். அவ்விலகல் ஒரே மாநாட்டில் முடிந்த காரியமன்று. அது எங்கே நிகழ்ந்தது என்பதே நம் வினா. கொழும்பைவிட, பூண்டுலோயா போன்ற ஒரு சிறு பட்டினத்தைச் சூழ்ந்த டன்சினன், சீன் முதலிய தோட்டங்களின் சூழலில் வைத்தே இவ்வினாவை ஆராய்தல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

மிதவாதம் என நாம் இங்குக் குறிப்பது ஓர் அரசியல் நடைமுறையை ஆகும். மனு எழுதுதல், தூது செல்லல், சட்ட சபையில் வாதாடல், இந்திய அரசின் தலையீட்டை நாடல் என்பன அதன் கூறுகள். 1931இல் அரசாங்க சபைக்கு அற்றனிலிருந்து பெரி. சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சென்றனர். சுந்தரம் தொழில் அமைச்சராகவும் விளங்கினார். சர்வசன வாக்குரிமை அளித்த இவ்வாய்ப்பை அவர்கள் பயன்படுத்தியமை சிறுமைக்குரியதன்று. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை நீக்க முற்பட்டபோது நேரு இலங்கைக்கு வந்தார். சிதறிக் கிடந்த இந்தியர் சங்கங்கள் அவ்வாண்டு யூலையில் ஒன்றிணைந்து காங்கிரசாயின. அதன் முதற் கவலை நகரத் தொழிலாளரும் வர்த்தகரும் பற்றியதே. லயத்தில் வாழ்ந்தோர் பெரும்பான்மையினராயினும், அப்போது பின்னணியிலேயே நின்றனர்.

இதற்கோர் அடிப்படைக் காரணம் உண்டு. செட்டிமாரின் கடன், பெரிய கங்காணியின் முன்பணம், தோட்டத்துக் கூலி ஆகியன ஒரே சங்கிலியின் கண்ணிகள். தொழிலாளியின் கடனைக் காட்டி அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தபோதும், கங்காணியின் பிடி உடனே தளரவில்லை. இச்சங்கிலியில் இலாபம் கண்டோரின் உறவினரும் நண்பரும் மேடையில் அமர்ந்திருக்க, தொழிலாளரின் கூலிப் பிரச்சினை முழு வேகத்துடன் எழ இயலுமா?

தோட்டத்தின் அமைப்பே விடையைத் தந்தது. தோட்டம் தனியார் காணி. துரையின் அனுமதியின்றி நுழையும் வெளியார் மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வரும் கனவான் வாயிற்படியில் நின்றுவிட வேண்டியதே. ஆகவே தோட்டத்துக்குள் வாழும் ஒருவரே சங்கத்தின் குரலாதல் அவசியமாயிற்று. அவரே ‘தோட்டத் தலைவர்’. பெரட்டுக் களத்தில் குறை கேட்பவர், சந்தா சேர்ப்பவர், பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்டவனுக்காகத் துரையிடம் செல்பவர் எல்லாம் அவர்தாம். துரைமாரைக் காத்த சட்டம், அவர்கள் விரும்பாத ஒரு தலைமையை லயத்துக்குள்ளேயே வளர்த்துவிட்டது என்பது ஒரு வேடிக்கை.

1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அப்போராட்டத்தில் முன்னின்றது இலங்கை சமசமாசக் கட்சியின் செல்வாக்குக்குட்பட்ட சங்கம். தொழிலாளர் பக்கத்தில் நிற்காவிடில் தோட்டப்புறம் இடதுசாரிகளிடம் போய்விடும் என்பதைக் காங்கிரசார் அப்போது உணர்ந்தனர். அவ்வாண்டிலேயே காங்கிரசின் தொழிற்சங்கம் தோன்றியது. யூன் மாதம் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா முதலிய சமசமாசத் தலைவர்கள் சிறைப்பட்டமையால் களமும் வெறுமையாயிற்று. அதன்பின் காங்கிரசின் பலம் வர்த்தகரின் நன்கொடையில் அன்றித் தோட்டச் சந்தாவில் தங்கியது. சந்தா தருபவனே இறுதியில் கட்சியின் பேச்சையும் தீர்மானிப்பான். அசீசும் சௌமியமூர்த்தி தொண்டமானும் முன்னணிக்கு வந்தது இச்சூழலிலேயே. தொண்டமான், கங்காணியாயிருந்து தோட்ட உரிமையாளரான ஒருவரின் மகன் என்பதையும் நாம் மறத்தலாகாது. பழைய தலைமையின் வர்க்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. அது செயற்படும் களம் மாறியது.

1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வெற்றி பெற்ற சி. வி. வேலுப்பிள்ளை, பூண்டுலோயாவை அடுத்த வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். ஒரு காலத்தில் வைத்திலிங்கம் வகித்த பிரதிநிதித்துவம் லயங்களிடையே பிறந்து வளர்ந்த கவிஞர் ஒருவரிடம் வந்தமை, நாம் கூறும் மாற்றத்தின் கண்கூடான சான்று.

ஆயினும் மிதவாதத்தை முறியடித்தவர் தொழிற்சங்கத்தார் மட்டுமல்லர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் திருத்தச் சட்டமும் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாத மக்களுக்காகச் சட்ட சபையில் வாதாடும் வழக்கறிஞருக்கு எத்தொழிலும் இல்லை. மனுவின் மொழி எஞ்சியிருந்த ஓரிடம் பிரசாவுரிமை விண்ணப்பப் படிவம். அதிலும், ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட, ஏறக்குறைய 134,000 பேரே உரிமை பெற்றனர். 1952 ஏப்ரலில் காங்கிரஸ் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, அதனைத் தாங்கியவர்கள் அவ்வாண்டுத் தேர்தலில் வாக்களிக்க இயலாதவர்களே. தொண்டமான் மீண்டும் மக்களால் தெரிவு செய்யப்பட்டுப் பாராளுமன்றம் புக 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

இடையில் 1950இல் காங்கிரசின் தொழிற்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசாயிற்று, 1956இல் அசீசின் சனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனித்தது, 1965இல் வி. கே. வெள்ளையனின் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியபோது வேலுப்பிள்ளையும் அதனோடு நின்றார். இப்பிளவுகளில் கொழும்பு வர்த்தகர் எவரும் முதன்மைப் பங்கு வகிக்கவில்லை. சச்சரவு முழுவதும் சந்தாப் பட்டியல்களின் மீதே. அப்பட்டியல்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பெயர்கள் நிறைந்திருந்தன. தோட்டத் தலைவராக ஒரு பெண்ணைக் காண்பதோ அரிதாகவே இருந்தது.