நல்லவராக வாழ்ந்தால் போதுமா? பாவம், மீட்பு பற்றித் திருச்சபைகள் சொல்வது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் சீயோன் லுத்தரன் ஆலயமும், தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும், கத்தோலிக்கரின் ஜெபமாலை மாதா ஆலயமும் நடந்தே போய்விடும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றிலும் பாவம், மன்னிப்பு, மீட்பு என்ற பேச்சு வரும். வெளியில் நின்று கேட்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால், ஒழுக்கமாக வாழ்கிற மனிதனைக் கடவுள் அந்த ஒழுக்கத்துக்காகவே ஏற்றுக்கொள்வாரா என்ற ஒரு கேள்விதான் ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்தது. அந்தப் பிளவு கப்பலேறித் தோட்டப்புறங்கள் வரை வந்து சேர்ந்தது.

குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழர் காதில் 'பாவம்' என்றால் புண்ணியத்துக்கு எதிர்ச்சொல். செய்த வினை கணக்கில் ஏறும்; நல்வினை செய்தால் குறையும். துன்பப்படுபவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பதும் அதே சொல்தான். விவிலியத்தின் மூல மொழிகளில் நிலைமை வேறு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஹமார்த்தியா'வுக்கும், பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் 'குறி தவறுதல்'. நியாயாதிபதிகள் நூலில் பென்யமீன் குலத்தைச் சேர்ந்த 700 இடக்கை வீரர்களைப் பற்றிய செய்தி வருகிறது. ஒரு மயிரிழையைக் குறிவைத்துக் கவண்கல் எறிந்தாலும் தவறாதவர்கள் அவர்கள். அங்கே 'தவறாத' என்பதற்கு ஆளப்பட்டிருக்கும் வினைச்சொல்லின் வேர்தான், பிற இடங்களில் பாவத்தைக் குறிக்கிறது.

ஆகவே கிறிஸ்தவப் போதனையில் பாவம் என்பது முதலில் உறவு முறிவு. மனிதன் கடவுளையும் அயலானையும் நோக்கி இருக்க வேண்டியவன். தன்னையே நோக்கித் திரும்பிக்கொள்கிறான். கொலை, களவு, குடி, சூது எல்லாம் அந்தத் திருப்பத்தின் விளைவுகள். செய்யாமல் விட்டதும் பாவமே. லூக்கா நற்செய்தியில் வரும் பணக்காரன், வாசலில் கிடந்த லாசரை அடிக்கவில்லை, விரட்டவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றும் செய்யாமல் நாள்தோறும் விருந்துண்டான். அதுவே அவன் குற்றம். குடிப்பழக்கம் மட்டும்தான் பாவம் என்பதுபோல் நடக்கும் பிரசங்கங்களில் இந்தப் பகுதி விடுபட்டுப் போவதுண்டு.

கத்தோலிக்கத் திருச்சபை பாவங்களைச் சாவான பாவம், அற்பப் பாவம் எனப் பிரிக்கிறது. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், தெரிந்து செய்திருக்க வேண்டும், மனம் இசைந்து செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது சாவான பாவம். லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் இந்த முறையான பாகுபாடும், குருவிடம் கட்டாயமாகச் செய்யும் பாவசங்கீர்த்தனமும் கிடையாது.

பிறந்த குழந்தைக்கு என்ன பாவம் என்ற கேள்வியும் பழையது. துறவி பெலாஜியுஸ், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்று கற்பித்தார். ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் (354-430) மறுத்தார். ஆதாமின் வீழ்ச்சியால் மனித விருப்பமே நோய்ப்பட்டிருக்கிறது, அருள் இல்லாமல் அது நிமிராது என்பது அவர் வாதம். 418-ல் கார்த்தேஜ் சங்கம் அகுஸ்தீன் பக்கம் நின்றது. கிழக்கத்திய ஆர்த்தோடாக்ஸ் சபைகள் மட்டும் வேறு விதமாகச் சொல்லும்: ஆதாமிடமிருந்து மனிதர் பெற்றது சாவும் பலவீனமும்; அவனுடைய குற்றத்துக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்ல.

இந்த அகுஸ்தீனின் பெயரால் அமைந்த சபையில்தான் மார்ட்டின் லுத்தர் துறவியானார். ஒழுக்கத்தில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை; ஆனாலும் அவருக்கு நிம்மதி இல்லை. மணிக்கணக்காகப் பாவங்களைச் சொல்லி முடித்த பிறகும், எதையாவது மறந்துவிட்டோமோ என்ற பயம் இருந்தது. ரோமர் நிருபத்தில் வரும் 'கடவுளின் நீதி' என்ற தொடரைத் தண்டிக்கும் நீதியாகவே அவர் படித்து வந்தார். அது கடவுள் கொடுக்கும் நீதி, விசுவாசத்தால் பெற்றுக்கொள்ளும் நீதி என்று பின்னர் அவருக்குப் பட்டது. அதன்படி மனிதன் நல்லவனாகி, அதன் பிறகு ஏற்கப்படுவதில்லை. முதலில் ஏற்கப்படுகிறான், அதனால் நல்லவனாகத் தொடங்குகிறான். விசுவாசி சாகும்வரை நீதிமானாகவும் பாவியாகவும் ஒருசேர இருக்கிறான் என்பதும் லுத்தரின் கருத்து.

கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் என்று சில சபைகளில் சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. 1547 ஜனவரி 13-ல் திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணையே, மீட்பின் தொடக்கம் கடவுளின் அருளில்தான், அதற்கு முன் மனிதன் செய்யும் எதுவும் அதற்கு உரிமை தராது என்று சொல்லிவிட்டது. வேறுபாடு அடுத்த படியில்தான் வருகிறது. அருள் மனிதனை உள்ளிருந்தே மாற்றுகிறது, அவனும் அதோடு ஒத்துழைக்க வேண்டும், சாவான பாவத்தால் அந்த அருளை இழக்கவும் கூடும் என்பது கத்தோலிக்க நிலை.

இரு தரப்பாருக்கும் பொருந்தும் ஆள் எரிகோவின் சகேயு. ரோமருக்கு வரி வசூலித்துப் பணக்காரரானவர். கூலியில் கைவைத்த கங்காணியை எண்ணிப் பார்த்தால், ஊரார் அவரை எப்படி வெறுத்திருப்பார்கள் என்பது விளங்கும். மரத்தில் ஏறி வேடிக்கை பார்த்தவரிடம், இன்று உன் வீட்டில் தங்குகிறேன் என்கிறார் இயேசு. அப்போது அவர் எதையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. வரிசை முக்கியம். ஆனால் பணம் திரும்பாமல் கதை முடியவில்லை என்பதும் அதே அளவுக்கு முக்கியம். திருடியவன் மன்னிப்புக் கேட்டால் போதாது, பொருளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கத்தோலிக்க ஒழுக்கப் போதனையில் தெளிவான விதி. மனந்திரும்புதலை மேடையில் சிந்தும் கண்ணீரோடு முடித்துக்கொள்பவர்களுக்கு அது சங்கடமான விதிதான்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆங்கிலிக்கன் குரு. 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டதைக் கேட்டபோது மீட்பின் நிச்சயம் கிடைத்ததாக அவர் எழுதினார். ஆனால் மன்னிப்போடு அவர் நிற்கவில்லை. தீமை செய்யாதே, நன்மை செய், வழிபாட்டை விடாதே என்ற மூன்றையும் 1743-ல் தம் சங்கங்களுக்கு விதியாக்கினார். பரிசுத்தமாகுதல் என்று மெதடிஸ்ட் சபையில் அடிக்கடி கேட்கும் சொல்லின் பின்னணி இதுதான்.

லுத்தர் தம் கண்டனத்தை வெளியிட்டது 1517 அக்டோபர் 31. 1999-ல் அதே தேதியில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் கடவுளால் ஏற்கப்படுவது அருளால் மட்டுமே, நற்செயல்கள் அதன் கனி என்பது இருவரும் ஒப்புக்கொண்ட சாரம். 2006-ல் சியோலில் மெதடிஸ்ட்களும் சேர்ந்தனர். லுத்தரன் அமைப்புகள் எல்லாமே இதை ஏற்றுவிடவில்லை.

தமிழில் மட்டும் சொற்கள் இன்னும் பிரிந்தே கிடக்கின்றன. சீர்திருத்த சபையார் கிருபை, இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல் என்பார்கள். கத்தோலிக்கர் அருள், மீட்பு என்பார்கள். 1995-ல் வந்த திருவிவிலியம் 'நீதிமான்' என்பதற்குப் பல இடங்களில் கடவுளுக்கு 'ஏற்புடையவர்' என்று எழுதுகிறது. ஒழுக்கச் சான்றிதழ்போல் ஒலிக்கும் பழைய சொல்லைவிட, இந்த இடத்தில் புதிய சொல்லே கருத்துக்கு நெருக்கமானது.

ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போவது இங்கே புதிதல்ல. கிறிஸ்துவை ஏற்காமலே நல்லபடி வாழ்ந்து மறைந்த பெற்றோரின் கதி என்ன என்பது அவர்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. தம் குற்றமின்றி கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ்பவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதுவும் கிறிஸ்துவின் அருளாலேயே நடக்கிறது என்பது அதன் விளக்கம். பல பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகள் இதை ஏற்பதில்லை. வாயால் அறிக்கையிடும் விசுவாசம் வேண்டும் என்கின்றன. தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிட்டுப் பேசாமலிருக்கும் போதகர்களும் உண்டு.

1999 கூட்டறிக்கை தீர்க்காமல் விட்டவற்றில் ஒன்று, இறந்தவர்களுக்கான மன்றாட்டு. லுத்தர் எதிர்த்ததே, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களின் பெயரால் நடந்த பலன் சீட்டு விற்பனையைத்தான். அந்த விற்பனை ஒழிந்துவிட்டது, மன்றாட்டு தொடர்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவரின் ஆன்மா இளைப்பாற வேண்டுகின்றன. லுத்தரன், மெதடிஸ்ட் குடும்பங்களிலும் கல்லறையைச் சுத்தம் செய்து மலர் வைப்பவர்கள் உண்டு. அங்கே போதகர் செய்யும் ஜெபம் பெரும்பாலும் உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்காகவே இருக்கும்.