எஞ்சின் வேலை, பிரேக் வேலை: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வழியே ஒரு பழுதுபார்ப்பு வரலாறு

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே நிகழ்கிறது. ஒன்று, அவை உருவான கோவென்ட்ரி போன்ற ஆலை நகரங்கள். மற்றொன்று, சேகரிப்பாளர் ஒருவர் ஓய்வு நேரத்தில் எஞ்சினைப் பிரித்து மீண்டும் பூட்டுகிற இன்றைய வீட்டுக் கொட்டகை. இவ்விரண்டுக்கும் இடையில், அதே எஞ்சினையும் அதே பிரேக்கையும் பிழைப்புக்காகப் பல்லாயிரம் முறை பிரித்துப் பூட்டிய பட்டறைகள் அந்த வரலாற்றில் இடம்பெறுவதில்லை. தென்னிந்தியாவைப் பொறுத்தவரை இந்த விடுபாடு சிறியதன்று.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் தோன்றியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் இதில் கூட்டாளிகள். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் அமைந்த ஆலையில் முதலில் வான்கார்டு, பின்னர் ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு ஆகிய கார்கள் உருவாயின. 1953இன் சுங்கவரி ஆணையப் பரிந்துரைக்குப் பின், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கார்களைப் பூட்டுவதை நிறுத்தின. உற்பத்தித் திட்டம் வகுத்துக்கொண்ட சில நிறுவனங்களே நின்றன. அவற்றுள் ஸ்டாண்டர்டும் ஒன்று.

ஹெரால்டு ஒரு குடும்பக் கார். எனினும் அதன் உறவுமுறை கவனத்துக்குரியது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி வடிவமைத்து 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கியே 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே எஞ்சின் குடும்பம். 1953இல் 803 கன செ.மீ. அளவில் தொடங்கிய அது 948, 1147, 1296, 1493 என வளர்ந்து 1980இல் கடைசி ஸ்பிட்ஃபயர் வரை நீடித்தது. இந்திய ஹெரால்டு 948இலேயே நின்றுவிட்டது. வான்கார்டு எஞ்சினின் கதை இன்னும் வியப்பானது. ஃபெர்குசன் டிராக்டருக்கும் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொதுவாக அமைந்த அந்த எஞ்சின், 1985இல் வண்டலூரிலிருந்து வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 காரில், டிஆர்2இல் இருந்த அதே 1991 கன செ.மீ. அளவில் மீண்டும் தோன்றியது.

ஹெரால்டின் கட்டமைப்பே பழுதுபார்ப்பவருக்குத் துணைநின்றது. இதற்குப் பின்னால் ஒரு வணிக நெருக்கடி உண்டு. உடற்பகுதிகளை வழங்கிவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டது. ஆகவே ஒரே கூடாக அமைந்த உடலைக் கைவிட்டு, தனி அடிச்சட்டத்தின்மீது துண்டு துண்டாகப் போல்ட்டால் இணைக்கும் முறைக்கு ஸ்டாண்டர்டு திரும்ப நேர்ந்தது. முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். எஞ்சினின் இருபுறமும் முன்சக்கரங்களின் உட்புறமும் ஒருசேரக் கைக்கு எட்டும். நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு, தொலைதூர நாடுகளில் பாகங்களாக அனுப்பிப் பூட்டவும் பின்னர் பிரித்துப் பழுதுபார்க்கவும் வாய்ப்பாக அமைந்தது.

இவ்விரு எஞ்சின்களையும் புதுப்பிக்கும் முறைகள் அடிப்படையிலேயே வேறானவை. ஹெரால்டு எஞ்சினில் சிலிண்டர்கள் வார்ப்பிரும்புக் கட்டையிலேயே குடையப்பட்டவை. தேய்ந்தால் கட்டையை லேத்துப் பட்டறைக்கு எடுத்துச்சென்று துளையை அகலப்படுத்தி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனைப் போடவேண்டும். கிராங்க் தண்டு மூன்று பேரிங்குகளில் மட்டுமே நிற்பது. அது முன்பின் நகராமல் தடுப்பவை பின் பேரிங்கின் இருபுறமும் செருகப்பட்ட அரைவட்ட வாஷர்கள். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் அவற்றின்மீது அழுத்தம் விழும். அவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் தண்டு கட்டையையே அரைக்கும். எனவே தேர்ந்த மெக்கானிக் முதலில் செய்வது, கிளட்ச்சை ஒருவரை மிதிக்கச் சொல்லி முன்புறக் கப்பி எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதே. அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் எட்டுப் பங்கு வரை நகரலாம். அதற்கு மேல் நகர்ந்தால் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றியாக வேண்டும்.

வான்கார்டு எஞ்சினில் சிலிண்டர்கள் தனித்தனி உருளைகளாக, குளிர்விக்கும் நீர் நேரடியாகச் சூழும்படி நிற்பவை. தேய்ந்தால் துளையிடத் தேவையில்லை. உருளைகளையும் பிஸ்டன்களையும் மாற்றினால் போதும். நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. உருளையின் மேல்விளிம்பு கட்டையின் பரப்பைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உயர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் மேலே உள்ள கேஸ்கட் சரியாக அழுந்தாது. உருளைக்கு அடியில் போடும் எட்டு வடிவக் கேஸ்கட் சரியில்லையெனில் நீர் எண்ணெயில் கலக்கும். டிராக்டருக்கு ஏற்ற இந்த எளிமை, வயலருகே எஞ்சினைப் புதுப்பிக்கும் வாய்ப்பை மனத்திற்கொண்டது போலவே தோன்றுகிறது.

பிரேக்கின் கதையில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. ஹெரால்டின் பிரேக் அமைப்பு கெர்லிங் நிறுவனத்தின் வழிவந்தது. அதே கெர்லிங்கின் கூட்டுறவோடு 1962இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. மின்சாதனங்களுக்கு லூகாஸ் டிவிஎஸ் 1961இலும், பிரேக் லைனிங்குக்கு ரானே 1964இலும் வந்தன. பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதலே செம்பியத்தில் இருந்தது. ஆயினும் ஆலை தரும் பாகத்தைவிடப் பட்டறை அறிந்த விதியே பிரேக்கைக் காத்தது. சக்கர சிலிண்டரின் ரப்பர்க் கப்பைக் கனிம எண்ணெய் தொட்டால் அது உப்பிப்போகும். ஆகவே அதைக் கழுவப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஆகாது. பிரேக் ஆயிலே வேண்டும். அந்த ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. மழை மிகுந்த மேற்குக் கடற்கரையில் அதன் விளைவு சிலிண்டரின் உட்சுவரில் துருவாகத் தெரியும்.

டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் எழுதிய ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ நூல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் வரலாறாக அன்றிப் பயன்பாட்டின் வரலாறாகவும் பராமரிப்பின் வரலாறாகவும் எழுதவேண்டும் என வாதிடுகிறது. ஹெரால்டு இதற்குப் பொருத்தமான சான்று. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கார்களைப் பேணுவதற்கான சங்கம் 1977இல் உருவானது. அங்கே அது விருப்பக்கலை. இங்கே இறக்குமதித் தடையும் புதிய காருக்கான நெடுங்காத்திருப்பும் எஞ்சினைப் புதுப்பிப்பதைத் தேவையாக்கின. அத்தேவை வடிவமைப்பையே திருத்தியது. ஹெரால்டின் தனித்தியங்கும் பின் அச்சு இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் உவப்பாக இல்லை. 1972இல் வந்த கேஸல் காரில் அதன் இடத்தை வழக்கமான உறுதியான அச்சு பிடித்தது. பட்டறையின் தீர்ப்பு ஆலையின் வரைபடத்தை எட்டிய அரிய தருணம் அது.

திருவனந்தபுரம்–நாகர்கோவில் சாலையில் இந்த வரலாறு இன்னும் முன்னதாகத் தொடங்குகிறது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் 1937இல் திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துக் கண்காணிப்பாளரானார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களோடு வந்திறங்கின. உடற்பகுதிகளை உள்ளூர்த் தொழிலாளர்களே கட்டினர். 1938 பிப்ரவரி 20இல் தொடக்கவிழா நடந்தது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை எனச் செல்லும் நாகர்கோவில் தடமே அதன் முதல் வணிகத்தடம். 1956 நவம்பர் 1இல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. சாலை ஒன்றாகவே இருந்தது. அதன் பட்டறைச் சொற்களும் எல்லையை மதிக்கவில்லை.

அச்சொற்களில் ஒரு வரலாறு படிந்திருக்கிறது. பாகங்களின் பெயர்கள் இருமொழிகளிலும் ஆங்கிலம்; செயல்களின் பெயர்கள் திராவிடம். தமிழில் ‘எஞ்சின் வேலை’ என்றாலும் மலையாளத்தில் ‘எஞ்சின் பணி’ என்றாலும் குறிப்பது முழுமையாகப் பிரித்துப் புதுப்பிப்பதையே. எஞ்சினை ‘இறக்குவது’ இரு மொழிக்கும் பொது. பிரேக்கில் காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும்: ஒருவர் பெடலில், மற்றவர் சக்கரத்தருகே. பெடலில் இருப்பவரிடம் நெல்லையில் ‘மிதி’ என்பர். குமரித் தமிழின் ‘சவுட்டு’ மலையாளத்தின் ‘சவிட்டு’க்கு உடன்பிறப்பு. எல்லாவற்றினும் நுட்பமானது மலையாளத்தின் ‘அழிச்சுபணி’. அமைச்சரவை மாற்றத்துக்கும் செய்தித்தாள்கள் ஆளும் அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘அவிழ்த்துப் பணிதல்’. தமிழ்ச் செவிக்கு அது ‘அழித்துச் செய்தல்’ என்றே கேட்கும். முடிச்சை அவிழ்ப்பதும் பொருளை இல்லாமலாக்குவதும் ஒரே வேரின் இரு கிளைகளாக நிற்கும் இவ்விடத்தில், பழுதுபார்ப்பு என்னும் செயலின் இயல்பையே மொழி சொல்லிவிடுகிறது. முழுவதும் குலைக்காமல் எதையும் மீட்க முடியாது.

பாலராமபுரத்துக்கு நெசவாளரைத் தமிழ்ப்பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியது பாலராமவர்மர் காலம். அவர்களுடைய துணிகள் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளன. அவற்றின் பாவும் ஊடும் ஆவணமாகியுள்ளன. அதே நெடுஞ்சாலையில் அமைந்த பட்டறைகளின் அறிவுக்கு அத்தகைய ஆவணம் இல்லை. ஸ்டாண்டர்டு 2000இன் உற்பத்தி 1988இல் நின்றதோடு வண்டலூர் ஆலையின் கதை முடிந்தது. அதன் கார்களைக் கைவிரல் நுனியால் அறிந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. எஞ்சினின் அளவுகளைப் பழைய கையேடு இன்னும் சொல்லும். கப்பி எவ்வளவு நகர்ந்தால் அஞ்சவேண்டும் என்பதை எந்தச் சொல்லால் ஓர் ஆசான் தம் சீடனுக்குச் சொன்னார் என்பதைக் கையேடு சொல்லாது. வாய்மொழி வரலாற்றாளரும் மொழியியலாளரும் செல்லவேண்டிய களம் தறிக்கூடத்துக்கு அடுத்த கதவிலேயே திறந்திருக்கிறது. அது நெடுநாள் திறந்திருக்காது.