வெள்ளம் கற்பித்த பாடமும் வீட்டில் இருக்க வேண்டிய பையும்

 

நமது தாம்பரம் வட்டாரத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் மக்களின் கண்கள் வானத்தை நோக்கித் திரும்புகின்றன. இந்த அச்சம் 2015-ஆம் ஆண்டில் பிறந்ததாகப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் உண்மை வேறாக இருக்கிறது. 1943, 1976, 1985, 2005 ஆகிய ஆண்டுகளிலும் சென்னையையும் அதன் சுற்றுப்புறங்களையும் பெருவெள்ளம் தாக்கியிருக்கிறது. வெள்ளம் நமக்குப் புதிய விருந்தாளி அல்ல. அதை எதிர்கொள்ளும் பழக்கத்தைத்தான் நாம் இடையில் தொலைத்துவிட்டோம்.

முன்னோரின் ஆயத்தம்

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை எனப் பெயர் பெற்றது. பீர்க்கன்கரணை, இரும்புலியூர், சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்கள் ஏரியும் ஊருமாகவே அமைந்தவை. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் கீழேரிக்குச் செல்லும். இறுதியில் அது ஆற்றையோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையோ அடையும். நீர் செல்லும் வழி எது, நிற்கும் இடம் எது என்பதை அறிந்தே அன்று வீடு கட்டினார்கள்.

வீட்டின் அமைப்பும் அதற்கேற்றதாகவே இருந்தது. தெருவைவிட உயர்ந்த திண்ணை இருந்தது. கூரைக்குக் கீழே பரண் இருந்தது. கோடையிலேயே வற்றலும் வடகமும் காய்ந்து பானைக்குள் சென்றுவிடும். அடைமழைக்கு முன்பே விறகும் வறட்டியும் பரணில் ஏறிவிடும். பத்திரங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும். அரிக்கேன் விளக்கும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பேரிடர் ஆயத்தம் என்று அதற்கு யாரும் பெயர் சூட்டவில்லை. அது குடும்பம் நடத்தும் முறையின் ஒரு பகுதியாக இருந்தது.

பின்னர் ஏரிக்கரைகள் மனைகளாயின, கால்வாய்கள் சாலைகளாயின. பரண் மறைந்து, தரையோடு ஒட்டிய மர அலமாரி வந்தது.

2015 டிசம்பர்

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. 1918-க்குப் பின் அத்தகைய நவம்பரைச் சென்னை கண்டதில்லை. அம்மாத நடுவிலேயே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். ஏரிகள் அனைத்தும் நிரம்பி நின்ற நிலையில் டிசம்பர் 1 அன்று மீண்டும் மழை தொடங்கியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது.

இங்கே ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்புறத்தில் இருப்பவை. அங்கு புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் சுற்றுப்புறத்து ஏரிகள் வழிந்தோடிய நீர். மதகைத் திறந்தால் அறிவிப்புச் செய்வார்கள். கலங்கல் தானாக வழிந்தால் யார் அறிவிப்பது? எனவே மேற்குத் தாம்பரத்துக் குடும்பங்கள் தொலைக்காட்சி அறிவிப்பை எதிர்பார்த்திருந்தால் போதாது. இரவில் வாசற்படியைத் தொடும் நீரே அங்கு அறிவிப்பு.

அன்று மின்சாரம் நின்றது. கைப்பேசிகள் ஊமையாயின. விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. மறைமலைநகர் அச்சகத்திற்கு ஊழியர்கள் செல்ல இயலாததால், 1878-இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' ஆங்கில நாளிதழ் முதன்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. பெரிய நிறுவனங்களின் நிலையே அதுவென்றால், நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அடியேன் கண்டது

அந்நாட்களில் பள்ளிவாசல்கள், கோயில்கள், தேவாலயங்கள், திருமண மண்டபங்கள் யாவும் மதம் பாராது கதவு திறந்தன. அடியேன் அப்போது பணியாற்றிய பள்ளியின் மேல்தளத்திலும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் தங்கின. அவர்கள் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்பதை அன்றிரவு கவனித்தேன். ஒருவர் மிக்ஸியைச் சுமந்து வந்தார். சர்க்கரை நோயாளியான அவர் மனைவியின் மாத்திரைகள் வீட்டிலேயே நின்றுவிட்டன. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கி வந்தார், பால்மாவு வரவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. முழங்கால் அளவு நீரில், இருட்டில், எது முக்கியம் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் இயலாது. அதனால்தான் எண்ணுவதை முன்கூட்டியே எண்ணிவிட வேண்டும்.

பிறருக்கு உபதேசிக்கும் அடியேனும் விதிவிலக்கல்லன். மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதிப் பெற்ற ஸனது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது உஸ்தாதுமார்களின் கையெழுத்துகள் நீலக் கறையாகக் கரைந்திருந்தன. வெள்ளத்திற்குப் பின் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, இழந்த சான்றிதழ்களின் நகல்களைக் கட்டணமின்றி வழங்க ஏற்பாடு செய்தது. ஆனால் மறைந்துவிட்ட ஆசிரியர்களின் கையெழுத்தை எந்த முகாம் திருப்பித் தரும்? ஒரு பிளாஸ்டிக் உறை அதைக் காத்திருக்கும்.

பையில் இருக்க வேண்டியவை

எனவே ஒவ்வொரு வீட்டிலும், தோளில் மாட்டக்கூடிய ஒரு பை புரட்டாசியிலேயே ஆயத்தமாகட்டும்.

1. ஆவணங்கள்: ஆதார், குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், கல்விச் சான்றிதழ், நிக்காஹ் சான்று. இவை நீர்புகாத உறையில் இருக்க வேண்டும். அவற்றின் படங்களை வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.
2. மருந்துகள்: ஒரு வாரத்திற்கான வழக்கமான மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பஞ்சு, கட்டுத்துணி.
3. குடிநீரும் உணவும்: ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாட்களுக்கான நீரை வீட்டின் உயரமான இடத்தில் வையுங்கள்; பையில் ஓரிரு போத்தல்கள் போதும். பேரீச்சம்பழம், அவல், பொட்டுக்கடலை, ரொட்டி போன்ற சமைக்காமல் உண்பவை, குழந்தைக்குப் பால்மாவு.
4. வெளிச்சமும் தொடர்பும்: டார்ச், மாற்று பேட்டரி, பவர் பேங்க், விசில், சிறு ரேடியோ. முக்கிய எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். அவற்றுடன் 1070, 1077, 108 ஆகிய எண்களும் இருக்கட்டும்.
5. ரொக்கம்: 2015-இல் ஏ.டி.எம்.கள் இயங்கவில்லை, பால் பாக்கெட் நூறு ரூபாய் வரை விற்றது. சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் வையுங்கள்.
6. மாற்றுடை, போர்வை, சோப்பு, பெண்களுக்கான நாப்கின், தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரை.

வீட்டை விட்டு வெளியேறும்போது மெயின் சுவிட்சை அணைப்பதும் கேஸ் சிலிண்டரை மூடுவதும் மறக்கலாகாது. வடிந்த பின் வெறுங்காலுடன் சேற்றில் இறங்கலாகாது. எலிக்காய்ச்சல் அவ்வழியே பரவுகிறது.

2015-க்குப் பின் அடையாறு அகலப்படுத்தப்பட்டது. மூடு கால்வாய்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் 2020-இல் நிவர் புயலின்போதும், 2021-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நீர் புகுந்தது. அரசின் பணி தொடர வேண்டும். அதைக் கேட்பது நமது உரிமை. அது முடியும் வரை பையைக் கட்டி வைப்பது நமது கடமை.

நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலைக் கட்டியது மழைக்கு முன்புதான் என்பதை நினைவிற் கொள்வோம். உங்கள் பையைக் கட்டி முடித்ததும், தனியே வாழும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் எம்மதத்தவராயினும், அவருக்கும் ஒன்று கட்டிக் கொடுங்கள். வல்ல இறைவன் நம் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.