பையின் பின்புறத்தில் ஒரு வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டு நாய் நான்கு நாள் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனது. முதல் நாள் உணவைத் தொடவில்லை. இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் அதன் கண்களும் முரசும் மஞ்சள் நிறமாகிவிட்டன. கொழும்பிலுள்ள மிருக வைத்தியர் ஒருவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு ஈரல் பழுதடைந்துவிட்டது என்றார். பின்னர், "என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கடையில் வாங்கும் உலர் உணவு என்றேன். "அந்தப் பையை ஒருக்கால் கொண்டுவர முடியுமா?" என்றார்.

என்னிடம் பை இருக்கவில்லை. வீட்டுக்கு அருகிலிருந்த கடையில் பெரிய சாக்கைத் திறந்துவைத்து, கிலோக் கணக்கில் நிறுத்து, வெறும் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுப்பார்கள். மூடிய பையை வாங்குவதிலும் பார்க்க இது மலிவு. நாயும் விரும்பித் தின்றது. அதற்கு மேல் நான் எதையும் யோசித்ததில்லை. வைத்தியர் கேட்டதும் கடைக்கு ஓடினேன். சாக்கு முடிந்து, அது குப்பைக்குப் போயிருந்தது.

ஆகவே, எங்கள் நாய் எதனால் இறந்தது என்பது இன்றுவரை தெரியாது. எலிக்காய்ச்சலும் நாயின் ஈரலைத் தாக்கும். வேறு காரணங்களும் உண்டு. வைத்தியர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கடைக்காரரை நானும் குற்றஞ்சாட்டவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைச் செய்தியின் மூலம் எது என்று கேட்டே கழித்த ஒருவன், தன் வீட்டு நாயின் கோப்பையில் விழும் உணவின் மூலத்தை ஒருநாளும் கேட்கவில்லை என்பதே என்னை உறுத்தியது. அந்த உறுத்தல்தான் இந்த உணவின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படித்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மனிதன் நாய்க்கென்று தனியாக உணவு தயாரிப்பது புதிய விடயமன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம எழுத்தாளர் வாரோ, பாலில் ஊறவைத்த வாற்கோதுமை ரொட்டியை ஆட்டுப்பட்டி நாய்களுக்குக் கொடுக்கும்படி எழுதியுள்ளார். எங்கள் ஊர்களில் மிஞ்சிய சோறும் மீன் தலையும் குழம்பும் பிசைந்து வைத்தோம். உலகெங்கும் நாய் அந்தந்த வீட்டின் மிச்சத்தையே உண்டு வாழ்ந்தது. அதைக் கடைச் சரக்காக்கியவர் ஓர் இடிதாங்கி வியாபாரி.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்பிராட், இடிதாங்கிகளை விற்பதற்காக 1860ஆம் ஆண்டளவில் லண்டனுக்குச் சென்றார். துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய காய்ந்த கப்பற் பிஸ்கட்டுகளைத் தெரு நாய்கள் போட்டியிட்டுத் தின்பதைக் கண்டார் என்றும், அதிலிருந்தே நாய்ப் பிஸ்கட் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது என்றும் சொல்லப்படுகிறது. கோதுமை மா, மரக்கறி, பீற்றூட், உலர்த்திய மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து அவர் செய்த பிஸ்கட்டுகளை முதலில் வாங்கியோர், வேட்டை நாய்களை வளர்த்த ஆங்கிலக் கனவான்கள். இறைச்சி அமெரிக்கப் புல்வெளி மாடுகளினுடையது என விளம்பரம் கூறியது. ஆனால், அதை எங்கே, யாரிடம் வாங்கினார் என்பதை ஸ்பிராட் வெளியே சொன்னதில்லை. மூலத்தை மறைக்கும் வழக்கம் இந்தத் தொழிலுடன் கூடவே பிறந்தது எனலாம்.

ஸ்பிராட்டின் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் பெயர் சார்ள்ஸ் கிறவ்ட். நாய்ப் பிஸ்கட் விற்று அனுபவம் பெற்ற அவர், 1891இல் லண்டனில் தமது பெயரில் நாய்க் கண்காட்சியொன்றை நடத்தினார். உலகப் புகழ்பெற்ற கிறவ்ட்ஸ் கண்காட்சி அதுவே. 1889 ஜனவரியில் அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகத்தின் சஞ்சிகை முதன்முதலாக வெளிவந்தபோது, அதன் அட்டையை ஸ்பிராட் கம்பனி விளம்பரத்துக்காக வாங்கிக்கொண்டது. நாய்க்கு எது நல்லது என்று சொல்லும் பத்திரிகையும், உணவை விற்கும் நிறுவனமும் ஒரே அட்டையில் வந்து நின்றன. பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. மோட்டார் வாகனங்களும் உழவு இயந்திரங்களும் பெருகியதால் அமெரிக்காவில் குதிரைகளுக்கு வேலை இல்லாமற் போனது. 1920களின் தொடக்கத்தில் இலினோய் மாநிலத்தில், குதிரை இறைச்சியைத் தகரப் பேணிகளில் அடைத்து நாய் உணவாக விற்கும் தொழில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்வரை பேணி உணவே சந்தையை ஆண்டது. போர்க் காலத்தில் தகரம் படைத் தேவைகளுக்கென ஒதுக்கப்பட்டது. பேணி இல்லாமற்போகவே உற்பத்தியாளர்கள் மீண்டும் காகிதப் பைக்கும் உலர் உணவுக்கும் திரும்பினர். உலர் உணவு இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு நாயின் சுகநலத்தைவிடப் போர்க்காலத் தகரத் தட்டுப்பாடே முதற் காரணம்.

இன்று நாம் காணும் உருண்டை வடிவ உணவு 1957இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலிருந்து வந்தது. றால்ஸ்ரன் பியூரினா கம்பனி காலை உணவுத் தானியங்களைத் தயாரிக்கப் பயன்படுத்திய இயந்திர முறையை நாய் உணவுக்கும் பயன்படுத்தியது. தானிய மா, இறைச்சித் தூள், நீர் ஆகியவற்றைக் குழைத்து, நீராவியாலும் அழுத்தத்தாலும் வேகவைத்து, சிறு துளைகளின் வழியே தள்ளுவார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் திடீரெனக் குறைய, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குழையல் பொரியைப் போல உப்பும். அதை வெட்டி, ஈரப்பதன் ஏறத்தாழ 10 வீதமாகும்வரை உலர்த்தி, மேலே கொழுப்பும் சுவையூட்டியும் தெளிப்பார்கள். நாய் பாய்ந்து தின்பது பெரும்பாலும் இந்த மேற்பூச்சுக்காகவே. ஆதலால், "எங்கள் நாய் விரும்பித் தின்கிறது" என்பது தரத்துக்குச் சான்றாகாது. நானும் அந்தச் சான்றையே நம்பியிருந்தேன்.

உருண்டை உதிராமல் நிற்பதற்கு மாப்பொருள் வேண்டும். ஓநாயின் வழிவந்த விலங்குக்கு மாப்பொருள் எதற்கு என்று கேட்போர் உண்டு. 2013இல் நேச்சர் சஞ்சிகையில் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தந்தது. மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்துக்கான மரபணு, ஓநாய்களில் இரண்டு பிரதிகளாக இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை காணப்பட்டது. மனிதனின் அடுப்படியில் வாழத் தொடங்கிய நாய் அவனுடைய உணவுக்கேற்பத் தானும் மாறிவிட்டது. எங்கள் வீட்டுச் சோற்றை உண்டு வளர்ந்த நாய்கள் பிழைத்ததற்கும் இதுவே காரணம். இதற்கு மாறாக, தானியமே இல்லாதது என்று பெருமையுடன் விற்கப்பட்ட உணவுகள் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரிக்கை விடுத்தது. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவை அதிகம் சேர்க்கப்பட்ட உணவை உண்ட நாய்களில் இதயத் தசை நோய் பற்றிய முறைப்பாடுகள் வந்தமையே காரணம். உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இன்னும் திட்டவட்டமாக நிறுவப்படவில்லை. ஆயினும், விளம்பர வாசகத்தை நம்பி உணவை மாற்றுவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி இந்த வரலாற்றின் இருண்ட பக்கங்களுக்கு வருவோம்.

1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிக் குஞ்சுகள் மர்மமாக மடிந்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த பிறேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சணம் சுரக்கும் நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பெயரிட்டார்கள். அது ஈரலைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் முழுமையாக அழியாது. நிலக்கடலையிலும் சோளத்திலும் வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்தால் வளரும். அறுபது ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் உலர் நாய் உணவில் இதே நஞ்சு அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டது. 2021 ஜனவரி நடுப்பகுதிக்குள் 70க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக முறைப்பாடுகள் கிடைத்தன. பையிலிருந்த தொகுதி இலக்கங்களைக் கொண்டே எந்தெந்தப் பைகளைத் திருப்பிப் பெறவேண்டும் என்று அறிவிக்க முடிந்தது. இதைப் படித்தபோதுதான் மிருக வைத்தியர் ஏன் பையைக் கேட்டார் என்பது எனக்கு முழுமையாக விளங்கிற்று.

மற்றொரு சம்பவம் 2007இல் நடந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் 6 கோடி பேணிகளையும் பொட்டலங்களையும் சந்தையிலிருந்து திருப்பிப் பெற்றது. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதம் எனப்பட்ட மூலப்பொருளில் மெலமின் என்ற இரசாயனம் கலக்கப்பட்டிருந்தது. தட்டு, கோப்பை, மேசைப் பலகை செய்யும் பிசினுக்குரிய பொருள் அது.

உணவில் அதை ஏன் கலந்தார்கள்? டென்மார்க் இரசாயனவியலாளர் ஜொஹான் கெல்டால் 1883இல் வகுத்த பரிசோதனை முறை, புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதத்தை மதிப்பிடுகிறது. மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். ஆகவே, புரதம் குறைந்த மாவில் மெலமினைத் தூவினால் பரிசோதனையில் புரதம் மிகுந்ததாகத் தோன்றும். பையில் அச்சிடப்படும் புரத வீதம் உண்மை பேசும் என்று நம்பியவர்களை இந்த எளிய தந்திரம் ஏமாற்றியது.

அப்போது பலரும் இதை வளர்ப்புப் பிராணிகளின் விவகாரமாகவே பார்த்தனர். அடுத்த ஆண்டு, 2008 செப்ரெம்பரில், அதே மெலமின் சீனாவில் குழந்தைப் பால்மாவில் கலக்கப்பட்டிருந்தமை வெளிவந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தன. நாய்களின் மரணம் ஓராண்டுக்கு முன்னரே அடித்த அபாய மணியாக இருந்தது. செய்தி அறைகளில் இருந்த எம்மிற் பலருக்கு அது பெரிதாகக் கேட்கவில்லை. இதை ஒரு குற்ற ஒப்புதலாகவே எழுதுகிறேன்.

இத்தகைய அனுபவங்களின் ஊடாகவே பையின் பின்புற வாசகங்களும் அவற்றுக்கான விதிகளும் வளர்ந்து வந்துள்ளன. அவற்றை எப்படி வாசிப்பது என்பதை, நான் கற்றுக்கொண்ட அளவில், சொல்லி முடிக்கிறேன்.

முதலில் தேடவேண்டியது, "முழுமையான, சமநிலையான உணவு" என்ற வாசகம். அது குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதும் இருக்கவேண்டும். இந்த வாசகம் இல்லாதது துணை உணவு. அதை மட்டும் கொடுத்து நாயை வளர்க்க முடியாது. அமெரிக்காவில் 1909இல் உருவான தீவன ஒழுங்குமுறை அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோலின்படி, நீர் நீக்கிய எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 வீதமும், குட்டிக்கு 22.5 வீதமும் புரதம் வேண்டும். இச்சங்கம் எந்த உணவையும் தானே பரிசோதித்து அங்கீகரிப்பதில்லை. அளவுகோலை மட்டுமே வகுக்கிறது.

இரண்டாவது, ஈரப்பதனைக் கழித்துக் கணக்கிடுவது. 10 வீத நீருள்ள உலர் உணவில் புரதம் 24 வீதம் என்றால், 24ஐ 90ஆல் வகுக்க, உண்மையில் ஏறத்தாழ 27 வீதம். 78 வீத நீருள்ள பேணி உணவில் 8 வீதம் என்றிருந்தால், 8ஐ 22ஆல் வகுக்க, 36 வீதம். வெறும் எண்ணைப் பார்ப்பவர் ஏமாறுவார். பொருட்களின் பட்டியலும் அப்படியே. சமைப்பதற்கு முந்தைய எடையின்படியே அது வரிசைப்படுத்தப்படுகிறது. பச்சைக் கோழியிறைச்சியில் பெரும்பகுதி நீர் என்பதால், கோழி முதலிடத்தில் இருப்பதை மட்டும் கண்டு மயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தயாரித்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவை. இவை இல்லாத உணவு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். எங்களுடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் திறந்த சாக்கிலிருந்து வாங்குவது, கொழுப்பு காறுவதற்கும் பூஞ்சணம் பிடிப்பதற்கும் இடம் கொடுப்பதாகும். சிறிய பையாக வாங்கி, அதே பையில் வாயை இறுக மூடி, நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். உணவு தீரும்வரை பையை எறியாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் வேறொரு நாய் வளர்கிறது. அதன் உணவுப் பையைத் தீர்ந்த பின்னரும் ஒரு மாதம்வரை மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். குப்பை சேர்ப்பதாக வீட்டில் முணுமுணுப்பு உண்டு. ஆனால், யாராவது ஒருநாள் "பை எங்கே?" என்று கேட்டால், இம்முறை என் கையில் அது இருக்கும்.