சுந்தரவடிவேலு, நெ. து.

சுந்தரவடிவேலு, நெ. து. (1912–1993): கல்வி நிர்வாகி, எழுத்தாளர். காஞ்சிபுரம் அருகிலுள்ள நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றி, 1954இல் சென்னை மாநிலப் பொதுக்கல்வி இயக்குநரானார்.

காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு நிர்வாக வடிவம் கொடுத்தவர் இவரே. தொடக்கத்தில் ஊரார் கொடையே அதன் முதல். பின்னர் அரசு 60 விழுக்காட்டை ஏற்றது. எஞ்சியதை ஊர் ஏற்றது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைக் கோப்புகளுக்குள் கொண்டுவந்ததே இவருடைய பெரும்பணி.

இவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. ஊருக்கு ஊர் மேடை போட்டு, தங்கள் பள்ளிக்கு என்ன இல்லை என்று மக்களையே பட்டியலிடச் செய்தார். ஒருவர் பெஞ்சு தந்தார், இன்னொருவர் கரும்பலகை. சிலர் நிலமே எழுதிக்கொடுத்தனர். ஏழைப் பிள்ளை கந்தலால் கூசக்கூடாது என்று சீருடையும் இவ்வழியே வந்தது. கையில் காசில்லாத அரசால் ஏராளமான பள்ளிகளைத் திறக்க முடிந்ததில் இவ்வூர்களின் பங்கு பெரிது. அது இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

1961இல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். தன்வரலாறு: ‘நினைவு அலைகள்’.